நான் வாசிக்காமல் விட்ட இரண்டு பக்கங்கள்

போன மாதம் பலெர்மோவில் எங்கள் தமிழ் ஆட்களின் ஒன்றுகூடலில், முதியோர் பராமரிப்புப் படிக்கும் இரண்டு பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள்.

“அண்ணை, இப்ப போனே புத்தகம் வாசிச்சுக் காட்டுது. நீங்கள் ஒரு நாவல் எழுதிற சின்யோராவுக்கு ஒன்பது வருசம் வாய்விட்டு வாசிச்சனீங்களாம். அஞ்சாம் வகுப்புதானே படிச்சனீங்கள்? எப்பிடி ஏலுமாயிருந்தது?”

நாலு பேர் பார்க்க நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிவிடும். “பிறகு சொல்லுறன் பிள்ளையள்” என்று சாப்பாட்டுத் தட்டோடு மூலைக்குப் போய்விட்டேன். அவர்கள் விடவில்லை. “அப்ப எழுதித் தாங்கோ. மலரிலை போடுவம்” என்றார்கள். எழுத உட்கார்ந்ததும் எனக்கு ஒரு நாள்தான் நினைவுக்கு வந்தது. அந்த நாளில் நான் இரண்டு பக்கங்களை வாசிக்காமல் விட்டேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

பலெர்மோவுக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. கோடையில் மொண்டெல்லோவில் கோப்பை கழுவினேன். குளிரில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் மீன் செதில் சீவினேன். பதினாறு வருடம் அப்படிப் போனது. பிறகு முதுகெலும்பில் தட்டு விலகி, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது என் மனைவி சாந்தி போர்கோ வெக்கியோவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் துப்புரவு வேலை செய்தாள். அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடியில் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை ஒருவர் தனியே இருந்தார். பெயர் அஞ்ஞேசே. மரியாதையாகச் சின்யோரா என்று அழைப்போம். கண் பார்வை மங்கிக்கொண்டு போனது. சமைக்க, கைபிடித்து நடத்த, வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்றாராம்.

“வாசிக்கவோ? நானோ?” என்றேன்.

“ஏன், பாஸ்தாப் பெட்டியிலை இருக்கிறதை வாசிக்கிறீங்கள்தானே? இவங்கடை எழுத்து எழுதினபடியே வாய்க்கு வரும். விளங்கிறது விளங்காதது அவவின்ரை பாடு. போய்ப் பாருங்கோ” என்றாள் சாந்தி.

போனேன். சின்யோரா ஒரு புத்தகத்தைக் கையில் தந்து, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொன்னார். நான் வியர்த்து வியர்த்து வாசித்தேன். அவர் மேசையில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். ஒரு விரல் தூக்கினால் நிறுத்த வேண்டும். இரண்டு விரல் என்றால் அந்த வசனத்தின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். உள்ளங்கையை மேசையில் வைத்தால் இன்றைக்குப் போதும். இந்த மூன்றுக்கும் மேல் அவர் ஒன்றும் விளக்கவில்லை. குரல் உயர்த்தியதும் இல்லை, நன்றி சொன்னதும் இல்லை. சிவராசா என்ற என் பெயர் அவர் வாயில் ராஜா என்று ஆகிவிட்டது. ஆனால் ஒன்பது வருடமும் மரியாதைப் பேச்சுத்தான். அவர் பேசியது இத்தாலியன். என் காதில் விழுந்த மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

நான் வாசித்தது அவர் எழுதிய நாவல் தொடரின் முதல் பாகம். ஐந்து பாகம் எழுத எண்ணியிருந்தார். நான் போகும்போது இரண்டு வெளிவந்திருந்தன. கதை இதுதான். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஒரு தளபதி, சிவப்புச் சட்டை போட்ட ஆயிரம் பேருடன் இரண்டு கப்பலில் வந்து இந்தத் தீவில் இறங்கினார். அதற்குப் பிறகுதான் சிசிலி இத்தாலியோடு சேர்ந்தது. சின்யோராவின் நாவலில் அந்த இரண்டு கப்பலும் புயலில் தாழ்ந்துவிடுகின்றன. சிசிலி தனி நாடாகிறது. பலெர்மோ அதன் தலைநகர்.

இது நடக்காத கதை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சரித்திர ஆசிரியை எழுதினால் சரித்திரம்தானே என்று இருந்தேன். இரண்டு கிழமை கழித்துக் கேட்டேன்: “சின்யோரா, அந்தப் பாராளுமன்றக் கட்டடம் எந்தத் தெருவிலை இருக்கு? ஞாயிற்றுக்கிழமை மனிசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாப்பம் எண்டு இருக்கிறன்.”

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். பிறகு சொன்னார்: “ராஜா, இதுவரைக்கும் ஒருத்தரும் எனக்கு இப்பிடி ஒரு பாராட்டுத் தரேல்லை.”

அன்றிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு நாளும் வாசித்து முடிய, நல்லதா கூடாதா என்று கேட்கமாட்டார். “எங்கை கொட்டாவி விட்டனீங்கள்?” என்று கேட்பார். அல்லது, “எந்த இடத்திலை அடுப்பை மறந்தனீங்கள்?”

அடுப்பை மறந்த இடங்கள் நிறைய. முதல் பாகத்தில் நுன்சியா என்று ஒரு மீன்காரியின் மகள் வருகிறாள். கப்பல்கள் தாழ்ந்த செய்தி நகரத்துக்கு வர முதல், ஸ்ஃபெர்ராகவால்லோ கரையில் சிவப்புச் சட்டைகள் ஒதுங்குகின்றன. ஏன் எதற்கு என்று தெரியாமல் அவளுடைய தாய் அவற்றை அலசி, உப்புப் போகக் காயவைத்து, வெட்டிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறாள். அதை வாசித்த அன்று வெங்காயம் கருகிவிட்டது. இரண்டாம் பாகத்தில் நுன்சியா புது நாட்டின் தபால்காரி ஆகிறாள். புது முத்திரையின் பசை கசக்கிறது என்று சனம் சண்டைக்கு வருகிறது. ஒரு நாடு மாறினால் நாக்கில் என்ன மாறும் என்று யோசித்து எழுதியவர் அவர். தொடரின் பலம் அதுதான்.

கொட்டாவி விட்ட இடங்களும் உண்டு. பெரும்பாலும் மூன்றாம் பாகம். மந்திரிமார் எழும்பி எழும்பிப் பேசினார்கள். கந்தக வரி, உப்பு வரி என்று பக்கம் பக்கமாகப் போனது. எல்லோரும் சரித்திர ஆசிரியை மாதிரியே கதைத்தார்கள், கள்ளன் உட்பட. கெட்டவர்கள் எல்லோரும் கடலுக்கு அந்தப்பக்கத்தில் இருந்து வந்தார்கள். இதையெல்லாம் நான் அப்போது சொல்லவில்லை. “மந்திரி கதைக்கேக்கை கொஞ்சம்” என்று மட்டும் சொல்வேன்.  அதற்கு மேல் சொல்லப் பயம். அந்த வேலையின் ஒப்பந்தத்தில்தான் என் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கும் அனுமதி, நின்றது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கவும் அவர் கையெழுத்து வேண்டும்.

மூன்றாம் பாகத்திலிருந்து அவருக்குக் கண் முற்றாகப் போய்விட்டது. சின்ன ரெக்கார்டரில் பேசிப் பதிவார். பதிப்பகத்தில் ஒரு பெண் அதைக் கேட்டு எழுத்தாக்குவாள். அச்சுக்குப் போக முன் புரூஃப் தாள்கள் வரும். அதை வாசிப்பதற்கு ஒரு முறை இருந்தது. தாளின் இடப்பக்கத்தில் அளவுகோலை வைத்து வரி வரியாக இறக்க வேண்டும். கமாவையும் முற்றுப்புள்ளியையும் வாயால் சொல்ல வேண்டும். அவர் திருத்தம் சொன்னால், அந்த வரிக்கு நேரே ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, திருத்தத்தை எழுத்துக்கூட்டி எழுதி, திரும்ப அவருக்கு எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிய, கடைசித் தாளில் கையெழுத்து வரும் இடத்துக்குக் கீழே அளவுகோலைப் பிடிப்பேன். அவர் அதைத் தடவிப் பார்த்து, அதன்மேல் பேனாவை ஓட்டி ஒப்பமிடுவார். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் மாற்ற முடியாது.

நாலாம் பாகத்தின் முடிவில் சிக்கல் வந்தது. நுன்சியாவுக்குக் காய்ச்சல். அவள் சாகும் பக்கங்களைச் சின்யோரா பேசிப் பதிந்தார், பிறகு மனம் கேளாமல் அவற்றை எடுத்துவிடச் சொன்னார். பதிப்பாசிரியர் தொலைபேசியில் விடவில்லை. அவள் செத்தால்தான் ஐந்தாம் பாகத்துக்கு உயிர் வரும் என்றார். கடைசியில் சின்யோரா அவரிடம் சொன்னார்: “புரூஃபிலை போட்டு அனுப்பிப் பாருங்கோ. காதாலை கேட்டுப்போட்டு முடிவு சொல்லுறன். இல்லை, உங்களுக்கே மனம் மாறினால் விட்டுவிடுங்கோ.”

கடைசித் தாள்கள் வந்தது, அவர் இதயச் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். பதினொரு மணிக்கு டாக்ஸி. அதற்கு முன் தாள்களை எடுத்துப்போக ஆள் வரும். கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம். கதவடியில் அவருடைய பெட்டி, அதன்மேல் மடித்த கம்பளிச் சால்வை. நான் அளவுகோலை வைத்து வாசித்துக்கொண்டு வந்தேன். பாதிரியார் படியேறுகிறார். முற்றுப்புள்ளி. பக்கத்தைப் புரட்டினேன்.

அடுத்த பக்கத்தில் நுன்சியா கட்டிலில் கிடக்கிறாள். கை கம்பளியைத் தடவுகிறது. “நான் போகிறேன்” என்கிறாள். அதோடு முடிகிறாள். நான் வாய் திறக்குமுன் என் கண் அதைக் கண்டுவிட்டது.

பிள்ளைகளே, நாங்கள் கடைக்குப் போனாலும் போட்டு வாறன் என்றுதான் சொல்லுவோம். இருதயத்தைத் திறக்கப் போகும் ஒரு மனிசிக்கு முன்னால், கதவடியில் பெட்டி இருக்க, என் வாயால் “போறன்” என்று சொல்லி ஒரு சாவையும் எப்படி வாசிப்பது? அவர் கையும் அந்த நேரம் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தது. அளவுகோலைத் தாளிலிருந்து எடுத்தேன்.

“ராஜா?”

“ஓம் சின்யோரா.”

“அவ்வளவுதானோ?”

“ஓம். அவ்வளவுதான்.”

அவர் முகம் இளகியது. “அப்ப அவர் போடேல்லை. நல்லது. நான் வெண்டிட்டன்” என்றார். அளவுகோலைக் கேட்டார். நான் பிடித்தேன். ஒப்பமிட்டார். கொஞ்ச நேரத்தில் ஆள் வந்து தாள்களைக் கொண்டுபோனான். நுன்சியாவின் சாவும் அதற்குள் போனது.

டாக்ஸிக்குள் ஏறும்போது அவர் “சரி, போறன்” என்றார். “அப்பிடிச் சொல்லாதேங்கோ. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ” என்றேன். அவருக்கு வியப்பு. நான் அதுவரை அவருக்குக் கட்டளை போட்டதில்லை. “கட்டாயமோ?” என்றார். “கட்டாயம்” என்றேன். சொல்லிவிட்டுப் போனார்.

சத்திரசிகிச்சை சரிவந்தது. வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடுவோம் என்று இருந்தேன். வந்தவர் பலவீனமாக இருந்தார். தேறட்டும் என்று விட்டேன். தேறியதும் ரெக்கார்டரைக் கேட்டார். ஐந்தாம் பாகத்தைத் தொடங்கிவிட்டார். அதில் நுன்சியா காய்ச்சலில் இருந்து எழும்பி, புதுத் தலைமுறைத் தபால்காரரை ஏசிக்கொண்டு திரிகிறாள். நான் பட்டாணி உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் என் கழுத்தில் ஒரு சுற்றுக் கயிறு கூடியது. தொலைபேசி அடித்தால் பதிப்பாசிரியரோ என்று ஓடுவேன். நான்தான் எடுத்துக் கொடுப்பேன். பக்கத்தில் நின்று துடைத்த மேசையையே துடைப்பேன். சின்யோரா தான் வென்றதைப் பதிப்பாசிரியருக்குக் குத்திக்காட்ட விரும்பவில்லை, அவரும் தான் வென்றதை இவருக்குச் சொல்லிக்காட்டவில்லை. அதனால் இருவரும் அந்த முடிவைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

நாலாம் பாகம் வெளிவந்தது. சின்யோரா அதை மணந்து பார்த்து அலுமாரியில் வைத்தார். கொஞ்ச நாளில் பதிப்பாசிரியர் ஒரு பத்திரிகைத் துண்டை அனுப்பினார். தொடர் முழுவதையும் பற்றி, அதன் பலம் பலவீனம் பற்றி, ஒருவர் நீளமாக எழுதியிருந்தார்.

“வாசியுங்கோ” என்றார் சின்யோரா.

முதல் வசனத்தையே என்னால் வாசிக்க முடியவில்லை. நான்கு நூல்களிலும் மிகச் சிறந்தவை நுன்சியா சாகும் அந்த இரண்டு பக்கங்கள்தான் என்று அது தொடங்கியது.

நான் தாளைப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசிக்கத் தொடங்கினேன். வேறு வழி தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே விமர்சனம் நான் கொட்டாவி விட்ட இடங்கள்தான். மந்திரிமார் சாப்பிட்டவர்கள் மாதிரிப் பேசுகிறார்கள், பசித்தவர்கள் ஒருவரும் அவ்வளவு நேரம் பேசமாட்டார்கள் என்றேன். சிவப்புச் சட்டையையும் முத்திரைப் பசையையும் மறக்க முடியாது என்றேன். கள்ளனுக்குக் கள்ளன் மாதிரிக் கதைக்கத் தெரியவேண்டும் என்றேன். பிறகு எங்கிருந்து வந்ததோ, இதையும் சொன்னேன்: இவர் ஒரு முழு நாட்டையே புதிதாகக் கட்டியிருக்கிறார், ஆனால் அந்த நாட்டில் ஒரு சனமும் ஒரு கடதாசிக்காக வரிசையில் நிற்கவில்லை. கந்தோர்க் கதவு திறக்கும்வரை ஒருவரும் பயந்துகொண்டு காத்திருக்கவில்லை. அப்படி ஒரு நாடு இருக்க முடியாது.

சின்யோரா கைநீட்டித் தாளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “இத்தாலியன் படுமோசம். ஆனால் சரியாத்தான் சொல்லுறார். இவர் சமைக்கத் தெரிஞ்ச ஆள்” என்றார். “பேர் என்ன போட்டிருக்கு?”

தாளின் அடியில் பெயர் இருந்தது. அதை வாசித்திருக்கலாம். என் சொல்லை இன்னொரு மனிதனின் பெயரில் ஏற்ற என்னால் முடியவில்லை.

“பேரை வாசியுங்கோ, ராஜா.”

“சின்யோரா, இதைச் சொன்னது நான். தாளிலை இருக்கிறது வேறை.”

“அப்ப தாளிலை இருக்கிறதை வாசியுங்கோ.”

வாசித்தேன். முதல் வசனம் முடிய அவர் இரண்டு விரலைத் தூக்கினார். திரும்ப வாசித்தேன். உள்ளங்கையை மேசையில் வைத்தார்.

“அந்தப் பக்கங்கள் புத்தகத்திலை இருக்கோ?”

“இருக்கு.”

“அண்டைக்குப் புரூஃபிலையும் இருந்ததோ?”

“இருந்தது.”

பெட்டியையும் சால்வையையும் பற்றிச் சொன்னேன். எங்களுடைய வழக்கத்தைச் சொன்னேன். நாக்கு குழறியது. அவர் முடியும்வரை கேட்டார்.

“நான் கதை எழுதிறனான், ராஜா. கதையிலை ஆக்கள் சாவினம்” என்றார். பிறகு, “வேறை என்னத்தை விட்டனீங்கள்?”

“ஒண்டும் இல்லை சின்யோரா. சத்தியமா.”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்?”

நான் தாளை மடித்து மேசையில் வைத்தேன். 

வீட்டுக்குப் போய்ச் சாந்தியிடம் சொன்னேன்.

“பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரத்திலையோ சொன்னனீங்கள்? விசர் மனிசன். ஒண்டில் அண்டைக்கே வாசிச்சிருக்கவேணும், இல்லாட்டிக் கடைசிவரைக்கும் வாயை மூடியிருக்கவேணும். நடுவிலை போய் நிண்டுகொண்டு!” என்று ஏசினாள். சாப்பாட்டைப் போட்டுவிட்டு, “நல்லா அழுதவவோ?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அது இன்னும் கூடாது” என்றாள்.

அடுத்த கிழமை ஒரு பல்கலைக்கழக மாணவி வந்தாள். மூன்றாம் நாலாம் பாகங்களை அச்சான புத்தகத்தில் இருந்து முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார் சின்யோரா. என்னையும் மேசையில் இருக்கச் சொன்னார். அவள் வாசிக்க வாசிக்க, நீதிமன்றத்தில் இருப்பவன் மாதிரி நான் பட்டாணிக் கோதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பாகத்தில் நிதி மந்திரி உப்பு வரியைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒரு விரல் எழும்பியது.

“இதை நான் புரூஃபிலை கேக்கேல்லை” என்றார்.

 யோசித்துப் பார்த்தேன். “சோறு பொங்கி வழிஞ்சது சின்யோரா. ஓடிப்போய் இறக்கிப்போட்டு வந்தன். வரி மாறியிருக்கும். தெரிஞ்சு விடேல்லை.”

மாணவி சிரித்துவிட்டாள். சின்யோரா சிரிக்கவில்லை. “அந்தப் பேச்சு இல்லாமல் நல்லாத்தான் இருந்தது” என்று மட்டும் சொன்னார்.

மூன்று கிழமையில் புத்தகங்கள் முடிந்தன. வேறொன்றும் விடுபட்டிருக்கவில்லை. மாணவியை அனுப்பிவிட்டு, அடுத்த நாள் காலை அன்றைய பத்திரிகையை என் பக்கம் தள்ளினார். ஆனால் ஒரு புது முறை வந்தது. வாசிக்க முன், அந்தப் பக்கத்தில் எத்தனை வரி என்று நான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரி முடிவிலும் அளவுகோலை மேசையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அவர் விரல் மடித்து எண்ணுவார். பெர்மெஸ்ஸோ கடதாசியில் கையெழுத்து வைத்தார். எண்ணுவதை மட்டும் அவர் கடைசிவரை நிறுத்தவில்லை.

ரெக்கார்டரில் ஐந்தாம் பாகத்தின் பதினொரு அத்தியாயம் இருந்தது. ஆறு மாத வேலை. அவற்றை அழிக்கச் சொன்னார்.

“எல்லாத்தையுமோ? அடுத்த பதிப்பிலை அந்தப் பக்கங்களை எடுக்கலாம்தானே சின்யோரா?”

“நடந்ததை மாத்தலாம். அதைத்தானே நாலு புத்தகமாச் செய்தன். அச்சிலை வந்ததை மாத்தேலாது. நுன்சியா செத்துப்போனா. அழியுங்கோ.”

ஒவ்வொன்றாக அழுத்தி அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் அந்தச் சின்ன மெஷின் ஒரு சத்தம் போட்டது. அவர் அதையும் எண்ணினார். பிறகு திரும்பவும் முதலாம் அத்தியாயத்தில் இருந்து பேசத் தொடங்கினார். இந்தத் தடவை நுன்சியா இல்லை. அவளுடைய தபால் பையை வாங்கிக்கொள்ள வந்த மகள், ஒரு கந்தோர் வாசலில் வரிசையில் நிற்கிறாள். காலையில் வந்தவள் மத்தியானமும் நிற்கிறாள். அதைப் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “கொட்டாவியோ?” என்றார். “இல்லை” என்றேன். அடுப்பில் கத்தரிக்காய் கருகிக் கிடந்தது.

மூன்றாம் அத்தியாயம் முடிந்த கிழமை அவருடைய இதயம் நின்றுவிட்டது.

பதிப்பாசிரியர் வீட்டுக்கு வந்தார். ரெக்கார்டரை வாங்கிக் கேட்டார். “முன்னமே பாதிக்கு மேலை முடிச்சிட்டன் எண்டு சொன்னவதானே. அது எங்கை?”

“அழிச்சிட்டன். அழிக்கச் சொன்னவ.”

நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கதிரையில் இருந்து கொண்டு, “ராஜா, இது நடக்காததை எழுதின தொடர். இரண்டையும் சேர்த்தே போட்டிருப்பன்” என்றார். நான் சொன்னபடி செய்திருந்தேன். முதல் முறை சொன்னபடி செய்யாததுக்கும் இரண்டாம் முறை சொன்னபடி செய்ததுக்கும் சேர்த்து என்ன விலை என்று அப்போதுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு நான் வேறு வீட்டுக்குப் போகவில்லை. முதுகும் விடவில்லை. ஐம்பத்தொரு வயதில் வேலையை விட்டேன்.

இத்தாலியன் வாசகர்கள் புத்தகங்களைப் பற்றி எழுதும் ஒரு தளம் இருக்கிறது. என் மகள் பிரியா போனில் அதை எனக்கு வாசித்துக் காட்டுவாள். சின்யோராவின் தொடருக்கு அங்கே பலம் பலவீனம் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சிவப்புச் சட்டையைச் சொல்கிறார்கள். மந்திரிமாரைத் திட்டுகிறார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரு குறையைச் சொல்கிறார்கள்: தொடருக்கு முடிவில்லை, ஆசிரியைக்கு எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. அந்தக் குறை அவருடையதல்ல. அவரிடம் இருந்த கடைசிக் காலத்தில் ஆறு மாதத்தை நான் எடுத்துவிட்டேன்.

இதுவரை எழுதியதை நேற்றுப் பிரியாவிடம் கொடுத்தேன். அடுப்படி வாசலில் நின்றே வாசித்து முடித்தாள்.

“அப்பா, இதை நான் இத்தாலியனிலை எழுதி அங்கை போடட்டே?”

“உன்ரை பேரிலையோ?”

“உங்கடை பேரிலை. அவங்களுக்குத் தெரியவேணுமெல்லோ?”

 முன்பின் தெரியாத அவ்வளவு பேர் வாசிப்பார்கள். திட்டுவார்கள். பதில் சொல்லவும் எனக்குத் தெரியாது. சாந்தி உள்ளே இருந்து, “இந்த மனிசன் ஓம் எண்டு சொல்லமாட்டுது, விடு” என்றாள்.

“போடு” என்றேன். “ஒரு வரியும் விடாமல் போடு.”